அச்சேறாத பாதி

எங்கள் பாகலூர்ப் பக்கத்தில் ரோஜாவை இருபது இருபதாகக் கட்டுவார்கள். இருபதை 2, 4, 5, 10 என்று பலவிதமாகப் பங்கிடலாம்; பத்தொன்பதை வைத்துக்கொண்டு ஒருவனும் வியாபாரம் பண்ண முடியாது. ஒன்றையும் இருபதையும் சேர்த்தால் இருபதின் காரணிகள் ஆறு. ஆனால் டஜன் என்கிற பன்னிரண்டுக்கும் ஆறுதானே! தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உடையது எது என்று பொறுக்கினால் 12 தேறும், 20 தேறாது. பிறகு 24, 36, 48, 60 என்று போகும். பிளேட்டோ தம் இலட்சிய நகரத்துக்கு வைத்த குடிகளின் கணக்கு 5,040. அதற்குக் காரணிகள் அறுபது.

இந்த ஜாதி எண்களுக்கு இலக்கணம் கண்டவர் நம் ராமானுஜன். கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாமல், 1912-ல் துறைமுகத்தில் முப்பது ரூபாய்க் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். (இண்டர்மீடியட்டோடு நின்றுபோன என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.) 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். மறு வருஷமே லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் இதைப்பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வந்தது.

அதில் ஓர் அட்டவணை. கடைசி எண் 67,46,32,83,88,800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டை ஆறு தடவை, மூன்றை நாலு தடவை, ஐந்தையும் ஏழையும் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 இவற்றை ஒவ்வொரு தடவை பெருக்கினால் இது வரும். சின்னப் பகா எண்ணைவிடப் பெரியது அதிகத் தடவை வரவே கூடாது. வந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், காரணிகள் குறையாமலே எண் சிறுத்துவிடும். ஒவ்வொரு தடவைக் கணக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை கிடைக்கும்: 10,080.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நூற்றுக்குமேல் எண்களைக் கண்டெடுத்த மனிதர் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார். அது 2,93,31,86,25,600. வேடிக்கை என்னவென்றால், கடைசி எண்ணிலிருந்து அந்த 23-ஐ மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்! இதன் காரணிகள் 5,040.

அது யுத்த காலம். சங்கத்தின் கையில் பணமில்லை; கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் அச்சிட்டார்கள். மீதி கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1920-ல், முப்பத்திரண்டாம் வயதில், ராமானுஜன் போய்விட்டார். ழான் லூயி நிக்கோலா, கி ரோபேன் என்ற இரு பிரெஞ்சுக் கணிதர்கள் குறிப்பு எழுதி, 1997-ல்தான் அந்தப் பகுதி வெளிவந்தது.

அதில் காரணிகளின் கூட்டுத்தொகையைப் பற்றியும் இருந்தது. ரீமான் என்ற ஜெர்மானியர் 1859-ல் சொல்லி, இன்றுவரை நிரூபணமாகாத ஓர் ஊகம் உண்டு. அது மெய்யானால், போதிய அளவு பெரிய எண்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டாது என்று ராமானுஜன் எழுதி வைத்திருந்தார். எந்த எண்ணுக்கு மேல் என்பதைத் தனியே ஆராய்ந்து 1984-ல் சொன்னவர் ரோபேன். அது, பிளேட்டோவின் 5,040.