தலவிலக் கரையும் உயர்தரப் புவியியலும்: ஒரு வரலாற்று நோக்கு

க.பொ.த. உயர்தர வகுப்பிற் புவியியல் பயிலும் மாணவரிடம் அது எத்தகைய பாடமென வினவின், படம் வரைதலும் தரவுகளை மனனஞ் செய்தலுமே என்ற விடை பெரும்பாலும் கிடைக்கும். ஆய்வுகூடமற்ற கிராமத்துப் பாடசாலையிலும் கற்பிக்கத்தக்கதாக இருந்தமையாலேயே இப்பாடம் உழைக்கும் மக்களின் பிள்ளைகளை எட்டியது எனலாம். ஆயின், தம் நிலம் பற்றி அம்மக்கள் உழைப்பினூடாகப் பெற்ற அறிவுக்கும், வகுப்பறையில் அவர்தம் பிள்ளைகளுக்குப் போதிக்கப்படும் அறிவுக்குமிடையே உள்ள உறவு யாது? தலவிலக் கரையை முன்னிறுத்தி இவ்வினாவை நோக்குவோம்.

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரையில் அமைந்தது தலவில. புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக்களுக்காக மார்ச், ஆகஸ்ட் மாதங்களிற் சிங்களரும் தமிழரும் ஒருங்கே கூடுமிடமாகவே பலரும் இதனை அறிவர். எனினும், இலங்கைப் புவியியல் எழுத்தின் வரலாற்றிலும் இக்குடாநாட்டுக்கு இடமுண்டு. 1807இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தீவின் ஊர்களையும் மாவட்டங்களையும் அகரவரிசைப்படுத்தி விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலை 1834இல் வெளியிட்டார். தமிழிலக்கிய மாணவர் அவரை 1859இல் வெளிவந்த 'தமிழ் புளூட்டாக்' நூலின் ஆசிரியராகவே பெரிதும் அறிவர். புலவர்களைத் தொகுத்தவரே ஊர்களையும் தொகுத்தார் என்பது மனங்கொளத்தக்கது.

கசற்றியர் தோன்றிய சூழலை நாம் மறத்தலாகாது. கோல்புறூக் சீர்திருத்தத்தின் விளைவாக 1833இல் தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாக ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொணரப்பட்டது. பெருந்தோட்ட மூலதனம் பரவவிருந்த காலம் அது. நிலத்தை அளந்து, பெயரிட்டு, வரிசைப்படுத்தும் அறிவு ஆட்சியாளருக்கு இன்றியமையாததாயிற்று. கரையோரத் தமிழர் ஒருவரின் உள்ளூரறிவு, ஆள்வோர் மொழியில், ஆள்வோரும் பயன்கொள்ளத்தக்க வடிவிற் பதிவாயிற்று. அந்நூலின் பெருமையும் எல்லையும் இதிலேயே அடங்கியுள்ளன.

பாடசாலைப் புவியியலும் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே வழங்கிற்று. எல்சி குக் 1931இல் வெளியிட்ட இலங்கைப் புவியியல் நூலும், பின்னர் பேராசிரியர் குலரத்தினம் திருத்தியமைத்த அதன் பதிப்பும் ஆங்கிலத்திலமைந்தவையே. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனைத் தொடர்ந்த சுயமொழிப் போதனையுமே இந்நிலையை மாற்றின. தமிழிற் புவியியல் நூல்கள் தேவைப்பட்டபோது அப்பணியை ஆற்றியோருள் க. குணராசா (1941-2016) முக்கியமானவர். உயர்தர மாணவருக்கெனப் பல நூல்களை எழுதிய அவரே, செங்கை ஆழியான் என்னும் புனைபெயரில் நெடுந்தீவைக் களமாகக் கொண்ட 'வாடைக்காற்று' நாவலை 1973இல் வெளியிட்டவர்.

பாடநூல் 'வடகீழ்ப் பருவக்காற்று' என்பதனை நாவல் 'வாடைக்காற்று' என்கிறது. இதனை வெறும் சொல் வேறுபாடாகக் கொள்ளலாகாது. முன்னையது அமுக்க வேறுபாட்டால் எழும் காற்றைக் குறிக்கும். பின்னையது அக்காற்றோடு வாடியமைத்து, பிழைப்புத் தேடி இடம்பெயரும் மனிதரையும் உடன்கொண்டு வருவது. தென்மேற்பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கையிற் சிலாபம், நீர்கொழும்புக் கரைகளின் மீனவர் கிழக்குக் கரைக்குப் பெயர்வதும், கடல் அடங்கியதும் மீள்வதும் நெடுநாள் வழக்கம். பருவக்காற்றின் இயக்கத்தை இவ்வுழைப்பினின்று பிரித்துக் கற்பிக்கும்போது, மீனவன் மகனுக்குத் தன் தந்தையின் அறிவே அந்நியமாகிறது. வீட்டிற் 'களப்பு' என்பது பரீட்சைத்தாளிற் 'கடனீரேரி' ஆகையில், ஒன்றையொன்று அறியாத இரு நீர்நிலைகள் போல அவை நின்றுவிடுகின்றன.

மொழிப் பிரச்சினை இத்துடன் முடிவதில்லை. சிலாபம் தொட்டு நீர்கொழும்பு வரையான கத்தோலிக்கக் கரையோரத்தில், இருபதாம் நூற்றாண்டிற் பாடசாலைப் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களமாக மாறியது. காலப்போக்கில் வீட்டுமொழியும் மாறியது. ஒரே கடலை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் வெவ்வேறு மொழிகளிற் புவியியல் பயில்கின்றனர். அவர்களைப் பிரிப்பது மொழி. இரு வகுப்பறைகளிலும் ஒருங்கே விடுபட்டு நிற்பது அவர்களது பெற்றோரின் உழைப்பு.

இதனை ஏட்டுப் பிரச்சினையென ஒதுக்கிவிட இயலாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். குடாநாட்டு மணலின்கீழ், உவர்நீர்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே கிணறுகளுக்கு ஆதாரம்; தீவிர மரக்கறிச் செய்கையில் இடப்படும் உரத்தின் நைத்திரேற்று அதிற் கலப்பதை ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. தலவில மக்களும் திருச்சபையினரும் தெரிவித்த எதிர்ப்பினையும் மீறி அயலிலுள்ள நுரைச்சோலையில் எழுந்த அனல்மின் நிலையம், 2011இல் முதற் பிரிவுடன் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்று ஆற்றலை எய்தியது. இடப்பெயர்வு, நிலத்தடிநீர், சக்திவளம் ஆகிய உயர்தரப் பாடத் தலைப்புகள் இக்கரையில் அன்றாட வாழ்வின் போராட்டங்களாகும்.

ஆகவே, நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தை விரிக்கும் ஆசிரியர், முதலிற் கற்பிட்டிப் பகுதியையே விரித்தல் வேண்டும். கிணறு எங்கே, வாடி எங்கே, மின்நிலையம் எங்கே, அகதிகளாக வந்தோர் குடியேறிய நிலம் எங்கே என மாணவர் தாமே குறித்தல் வேண்டும். காசிச்செட்டியின் காலத்தில் இக்கரையின் அறிவு ஆள்வோருக்குப் பயன்பட்டது. பின்னர் பரீட்சைக்குப் பயன்பட்டது. தம் நிலத்தின்மீது தீட்டப்படும் திட்டங்களை வாசிக்கவும் மறுத்துரைக்கவும் அதே அறிவு இம்மக்களுக்குப் பயன்படும்போதே இலவசக் கல்வியின் வரலாற்றுப் பணி நிறைவுறும்.