அகவலுக்குள் ஒரு சானெட்

தமிழ்க் கவிதையில் சோதனை முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் 1934இல் 'மணிக்கொடி'யில் வந்த ந. பிச்சமூர்த்தியின் கவிதையிலோ, வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழிலோ தொடங்கப்படுகிறது. யாப்பை உடைத்தால்தான் சோதனை என்ற அளவுகோல் இதற்குள் பதுங்கியிருக்கிறது. அதை ஒதுக்கிவைத்தால், மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870இல் பிறந்த வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியின் 'தனிப்பாசுரத்தொகை' (1901) வரை பின்னோக்கிப் போகலாம். ஆங்கில சானெட்டை மனத்தில் கொண்டு, ஓர் எண்ணத்தை ஒரே பாட்டில் முடித்துக் காட்டிய தொகுப்பு அது. ஜி.யு. போப் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'பரிதிமாற் கலைஞர்' என்று இன்று பாடநூல்கள் சொல்லும் பெயரை, தனித்தமிழ்ப் பற்றைக் காட்டுவதற்காக மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. பேராசிரியர் என்ற மதிப்பு தீர்ப்பில் கலந்துவிடாதிருக்க இந்த நூலுக்கென்று போட்டுக்கொண்ட முகமூடி அது.

இந்தத் தொகுப்பு வெறும் ஆங்கிலப் போலி என்பது முதல் மறுப்பு. அதற்கு விடை அடுத்த தலைமுறையின் ஒரு பாட்டில் இருக்கிறது. பரிதிமாற் கலைஞர் 1903இல் மறைந்தார். மறு ஆண்டு ஜூலையில் மதுரை 'விவேகபானு' இதழ் பாரதியின் 'தனிமை இரக்கம்' கவிதையை வெளியிட்டது; அச்சேறிய அவருடைய முதல் கவிதையாகச் சொல்லப்படுவது இதுதான். அடிகளை எண்ணினால் சானெட்டைப்போலவே பதினான்கு. சானெட்டின் இயைபு அடியின் கடைசியில் விழும். இங்கே அடியின் தலையில் எதுகை விழுகிறது, இரண்டிரண்டு அடியாக ஏழு இணைகள். பதின்மூன்றாம் அடியில் ஒரு சீர் குறைகிறது; அகவலின் ஒரு வகையான நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீராய் வரவேண்டும் என்பது விதி. ஆங்கிலத்தில் முடிவை உணர்த்தக் கடைசி ஈரடி செய்யும் வேலையை இங்கே அந்தக் குறைந்த சீர் செய்துவிடுகிறது. கடன் வாங்கியது அடி எண்ணிக்கை மட்டுமே. மற்றதெல்லாம் அகவலின் சொந்தச் சரக்கு. பாரதி சாஸ்திரியாரைப் படித்தாரா என்பதை வைத்து இந்த வாதம் நிற்கவில்லை. ஒரே வடிவச் சிக்கல் மூன்றாண்டு இடைவெளியில் இருவரிடமும் எழுந்தது என்பதே போதும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஹங்கேரியில் பட்டறைத் தொழிலாளியாக இருந்து கவிஞரான லயோஷ் கஷ்ஷாக், யாப்பைக் கைவிட்டு, 1920களில் எழுத்துகளைத் தாளில் ஓவியம்போல் அடுக்கினார். அதன் பக்கத்தில் பதினான்கடி அகவல் புரட்சியாகுமா என்று கேட்கலாம். ஆனால் கண்ணுக்கான கவிதை தமிழுக்குப் புதுமையே அல்ல. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலே நாகபந்தத்தை இலக்கணமாக்கிவிட்டது. நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் இரு பாம்புகளின் உடல்நெடுக இரண்டு பாட்டுகள் ஓடும்; உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கும் ஓரெழுத்து இரண்டுக்கும் பொது. கஷ்ஷாக்கிடம் கலகமாயிருந்தது இங்கே புலவர்களின் பழைய பயிற்சி. 'சித்திரக்கவி விளக்கம்' என்று அதற்கே கைநூல் எழுதியவர் சாஸ்திரியார். எது தேய்ந்த தடம் என்று அவருக்குத் தெரியும். தலபுராணமும் அந்தாதியும் மண்டிக் கிடந்த காலத்தில், தெய்வத்தையோ புரவலனையோ முன்னிறுத்தாத சிறு தனிப்பாட்டுதான் அரிது. அங்கேதான் அவர் கைவைத்தார்.

பதினான்கடி வடிவம் தமிழில் வேர்பிடிக்கவில்லை என்பது உண்மைதான். பாரதியே பின்னாளில் வசன கவிதைக்குப் போனார். அப்போது அடிக்கணக்கை விட்டார், எதுகையை விட்டார். 'தனிமை இரக்க'த்தில் பேசிய அந்த ஒற்றை ஆளை விடவில்லை.