கல்லறைத் தோட்டத்தில் ஒரு திருப்பலி

அல்பேனியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: அங்கே முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் காலங்காலமாக அண்ணன் தம்பிகளாக வாழ்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த ஒற்றுமைக்காக உயிரைக் கொடுத்தவர்களும் சிறையில் கிடந்தவர்களும் அந்த வரியில் இல்லை. அவர்கள் கதைதான் இந்த வாரம்.

28,748 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்ன நாடு. வடக்கே கத்தோலிக்கர்கள், தெற்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், நாடெங்கும் சுன்னி முஸ்லிம்கள், அவர்களோடு பெக்தாஷி சூஃபிகள். அந்நாளில் அதை ஆண்ட ஒட்டோமான் அரசு தன் குடிமக்களை மதத்தை வைத்தே பிரித்துக் கணக்கிட்டது. முஸ்லிம் பிள்ளைக்குத் துருக்கிப் பள்ளி, ஆர்த்தடாக்ஸ் பிள்ளைக்குக் கிரேக்கப் பள்ளி. வீட்டில் எல்லோரும் பேசியதோ அல்பேனிய மொழி. அதை முஸ்லிம்கள் அரபு எழுத்திலும், ஆர்த்தடாக்ஸ்காரர்கள் கிரேக்க எழுத்திலும், கத்தோலிக்கர்கள் லத்தீன் எழுத்திலும் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய கடிதத்தை வாசிக்க முடியாத நிலை!

1887-ல் கொர்ச்சா நகரில் முதல் அல்பேனிய மொழிப் பள்ளி திறந்தபோது முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். சுல்தானின் அரண்மனைக்கும் பிடிக்கவில்லை, கிரேக்கத் திருச்சபைக்கும் பிடிக்கவில்லை. பாப்பா கிறிஸ்தோ நெகோவானி என்ற ஆர்த்தடாக்ஸ் பாதிரியார் தன் தாய்மொழியில் வழிபாடு நடத்தினார். அந்தக் குற்றத்துக்காக 1905-ல் கிரேக்க ஆயுதக் குழுவினர் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1908 நவம்பரில், மனாஸ்திர் நகரில் எழுத்து மாநாடு கூடியது. தலைவர் மித்ஹாத் ஃப்ராஷெரி, முஸ்லிம் குடும்பத்தவர். எழுத்தை முடிவுசெய்யும் குழுவுக்குத் தலைவர் கெர்ஜ் ஃபிஷ்தா, பிரான்சிஸ்கன் துறவி. குழுவில் மூன்று தரப்பினரும் இருந்தார்கள். லத்தீன் எழுத்தின் அடிப்படையில் எழுதுவதென்று முடிவாயிற்று. குர்ஆனின் எழுத்தைக் கைவிடுவதா என்று இஸ்தான்புல்லில் கொதித்தார்கள். அல்பேனிய முஸ்லிம் தலைவர்கள் பலர் அசையவில்லை. நாடு பிறந்த நாளாக 1912 நவம்பர் 28-ஐச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் மனாஸ்திர்தான் அதன் பிரசவ அறை.

வ்லோரா நகரில் அமைந்த, சுதந்திர அல்பேனியாவின் முதல் அரசில் இஸ்மாயில் கெமாலி பிரதமர். துணைக்கு கத்தோலிக்கப் பாதிரியார் நிகோல் கச்சோரி. எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. 1914-ல், ஐரோப்பிய வல்லரசுகள் ஒரு ஜெர்மானியக் கிறிஸ்தவ இளவரசரைக் கொண்டுவந்து உட்காரவைத்ததும், நடு அல்பேனியாவின் முஸ்லிம் விவசாயிகள் மறுபடி சுல்தானே வேண்டும் என்று கலகம் செய்தார்கள். இந்த விரிசலையும் தாண்டித்தான் அந்த நாடு நின்றது.

அடுத்த சோதனை 1943-ல் வந்தது. அல்பேனியாவைப் பிடித்துவைத்திருந்த இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மன் படை உள்ளே புகுந்தது. திரானாவில் ஒரு புகைப்படக் கடையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தான் ரெஃபிக் வெசெலி என்ற 17 வயது முஸ்லிம் பையன். யூகோஸ்லாவியாவிலிருந்து தப்பி வந்த மோஷே மாண்டில் என்ற யூதப் புகைப்படக்காரருக்கும் அதே கடையில்தான் வேலை. ரெஃபிக் தன் வீட்டில் சம்மதம் கேட்டுக்கொண்டு, மாண்டில் குடும்பத்தைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி, இரவில் நடந்து பகலில் குகைகளில் ஒளிந்து, மலையூரான க்ருயாவில் தன் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். பெரியவர்கள் தொழுவத்துக்கு மேலிருந்த சிறு அறையில் ஒளிந்திருந்தார்கள். பிள்ளைகள் முஸ்லிம் உடையில், வெசெலி வீட்டுப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடினார்கள். ஊருக்கு விஷயம் தெரியாமலா இருந்திருக்கும்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொடுத்த வாக்குக்கு அங்கே 'பெசா' என்று பெயர். வாசலுக்கு வந்தவரைக் கைவிடுகிறவன் அந்த மலைநாட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. போர் முடிந்த பிறகு ரெஃபிக் மாண்டில் வீட்டுக்கே போய்த் தங்கி, பாதியில் விட்ட தொழிலைக் கற்று முடித்தார். இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் 1987-ல் அவரையும் பெற்றோரையும் கௌரவித்தது. யூதர்களை ஒளித்துவைத்த அல்பேனியர்களில் முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு.

பிறகு வந்தது என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் ஆட்சி. மதம் அல்பேனியர்களைப் பிரிக்கிறது என்று சொல்லி, 1967-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் தர்காக்களையும் மூடினார். ஷ்கோதர் நகரின் பேராலயம் கைப்பந்து ஆடும் விளையாட்டரங்கமானது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஷ்தியெஃபன் குர்த்தி சுட்டுக்கொல்லப்பட்டார். 1976 அரசியல் சட்டம், அரசு எந்த மதத்தையும் ஏற்காது என்று எழுதியே வைத்தது. நமக்குத் தெரிந்த அன்னை தெரசா அல்பேனியப் பெண். அவருடைய தாயும் அக்காவும் திரானாவில் இறந்தபோதுகூட அவரை உள்ளே விடவில்லை.

23 ஆண்டுகள் இப்படிப் போயின. 1990 நவம்பரில் ஷ்கோதர் கல்லறைத் தோட்டத்தில், சிறையிலேயே 26 ஆண்டுகளைக் கழித்த பாதிரியார் சிமோன் யுபானி துணிந்து திருப்பலி நிறைவேற்றினார். போலீஸ் என்ன செய்யுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. திரண்ட கூட்டத்தில் முஸ்லிம்களும் இருந்தார்கள். சில நாள் கழித்து, நவம்பர் 16 வெள்ளிக்கிழமை, அதே ஊரின் ஈயப் பள்ளிவாசலில் ஹாஃபிஸ் சப்ரி கோச்சி தொழுகை நடத்தினார். அவரும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். இம்முறை கத்தோலிக்கர்கள் வந்து நின்றார்கள்.

மதம் பிரிக்கிறது என்ற ஹோஜாவின் வாதம் அந்த இரண்டு வாரங்களில் தோற்றுப்போனது. பூட்டுப் போட்டுக் கொண்டுவரும் அமைதியை நான் ஒற்றுமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பூட்டு உடைந்த நாளில் பக்கத்து வீட்டுக்காரனின் வழிபாட்டுக்குக் காவலாகப் போய் நின்றார்களே, அதுதான் ஒற்றுமை.

இன்றைய அல்பேனியாவில் அரசு மதம் என்று ஒன்று இல்லை. 1998 அரசியல் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. முஸ்லிம்கள் அதிகமுள்ள அந்த நாட்டின் திரானா விமான நிலையத்துக்கு அன்னை தெரசாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

1925-ல் துருக்கியில் தடைசெய்யப்பட்ட பெக்தாஷிகள் திரானாவைத் தலைமையிடமாக்கிக்கொண்ட கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.