ஆண் ஈ பிறக்காத புட்டி

இன்குபேட்டரிலிருந்து பிளேட்டை எடுத்ததும் நான் எண்ண ஆரம்பிப்பதில்லை. முதலில் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மெல்லிய மூடுபனி மாதிரி பாக்டீரியா படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தப் படலம் இல்லையென்றால் நான் சோதிக்கும் ரசாயனம் பாக்டீரியாவையே கொன்றிருக்கிறது. அதில் எண்ண ஒன்றுமில்லை. படலம் இருந்தால், அதன்மேல் குண்டூசித் தலை அளவில் நிற்கும் வெள்ளைப் புள்ளிகளை எண்ணுவேன். டிஏ-100 என்ற பாக்டீரியா ரகத்தில், ரசாயனம் சேர்க்காத பிளேட்டிலேயே நூற்றுக்குமேல் இருக்கும். பக்கத்து பிளேட்டில் அது 700, 800 என்று ஏறினால், அந்தப் பொருள் மரபணுவில் கைவைக்கிறது. 22 வருடமாக என் பிழைப்பு இந்தப் புள்ளிகளோடுதான்.

இந்தத் தொழிலுக்குத் தாய் யார் என்று என்னைக் கேட்டால், சார்லட் ஆவர்பாக் என்பேன். யூதர் என்பதால் 1933-இல் ஜெர்மனியில் ஆசிரியை வேலையை இழந்து, ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்து சேர்ந்தவர். எக்ஸ்ரே பட்டால் பழ ஈயின் மரபணு மாறுகிறது என்று ஹெர்மன் முல்லர் 1927-இலேயே காட்டிவிட்டார். ரசாயனமும் அதைச் செய்யுமா என்பதுதான் கேள்வி. போரில் வீசப்பட்ட கடுகு வாயுவின் புண், எக்ஸ்ரே புண்ணைப் போலவே லேசில் ஆறாது. அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஆவர்பாக்கும் ராப்சன் என்ற மருந்தியலாளரும் இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது மருந்தியல் துறையின் மொட்டைமாடியில் ஈக்களுக்கு அந்த வாயுவைக் காட்டினார்கள். ஆவர்பாக்கின் கைகள் வெந்து புண்ணாகின.

விடை உடனே கிடைக்கவில்லை. வாயு பட்ட ஆண் ஈயை இணைசேர்த்து, அதன் மகள்களைத் தனித்தனிப் புட்டியில் வளர்த்து, பேரப்பிள்ளைகள் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முல்லர் வகுத்த முறைப்படி, எக்ஸ் குரோமோசோமில் உயிரைக் கொல்லும் மாற்றம் நேர்ந்திருந்தால் அந்தப் புட்டியில் ஒரு ஆண் ஈகூடப் பிறக்காது. ஒவ்வொரு புட்டியாக எடுத்து, ஆண் உண்டா என்று தேடிய அந்தக் கண்களை நினைத்துக்கொள்வேன். ஆண் ஈ பிறக்காத புட்டிகள் குவிந்தன. போர் ரகசியம் என்று அடக்கி வைக்கப்பட்ட முடிவு 1946-இல்தான் வெளியே வந்தது.

ஈயை வைத்து ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சோதிக்க முடியுமா? அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் பாக்டீரியாவுக்குப் போனார். 1964-இல் ஒரு சிப்ஸ் பொட்டலத்தின் பின்னால் இருந்த ரசாயனப் பெயர்களைப் படித்ததும், இதெல்லாம் மரபணுவை என்ன செய்யும் என்ற யோசனை அவருக்கு வந்தது. அவர் எடுத்துக்கொண்டது ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாத சால்மோனெல்லா. பிளேட்டில் ஹிஸ்டிடின் துளியளவுதான் இருக்கும். அதைத் தின்று சிலமுறை பிளந்து பெருகுவதுதான் நான் பார்க்கும் படலம். பிறகு பட்டினி. மரபணு மறுபடி மாறி, ஹிஸ்டிடின் செய்யும் திறன் திரும்பியவை மட்டும் காலனியாக, அதாவது நான் எண்ணும் புள்ளியாக எழும். இரண்டே நாளில் விடை.

ஒரு சிக்கல் இருந்தது. பல பொருள்கள் அப்படியே நின்றால் சாது. நம் ஈரல் அவற்றை உடைக்கும்போதுதான் விஷமாகின்றன. பாக்டீரியாவுக்கு ஏது ஈரல்? 1973-இல் ஏம்ஸ் எலி ஈரலை அரைத்துச் சுழற்றித் தெளியவைத்த சாற்றை பிளேட்டிலேயே கலந்தார். எங்கள் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் கிடக்கும் எஸ்-9 அதுதான். சிவப்பேறிய பழுப்பு நிறம். உருகியதும் பச்சை ஈரல் வாடை அடிக்கும். ஐஸ் மேலேயே வைத்து வேலையை முடிக்காவிட்டால் அதன் நொதிகள் செத்துவிடும். இந்தச் சோதனைக்கு ஏம்ஸ் காப்புரிமை எடுக்கவில்லை. கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் தன் பாக்டீரியாவை இலவசமாக அனுப்பினார். என்னைப் போன்றவர்கள் சோறு தின்பது அந்தக் கொடையில்.

1975-இல் கடையில் விற்கும் 169 தலைச்சாயங்களைச் சோதித்து, 150 மரபணுவை மாற்றுகின்றன என்று அவர் குழு அறிவித்தது. மரபணுவை மாற்றுவதெல்லாம் மனிதனுக்குப் புற்றுநோய் தந்துவிடாது என்பதும் உண்மை. பின்னாளில் அதை உரக்கச் சொன்னவரும் ஏம்ஸ்தான். ஆனால் என் மனதில் நிற்பது குழந்தைகளின் இரவு உடுப்பு. தீப்பிடிக்காமலிருக்க அந்தத் துணியில் டிரிஸ் என்ற புரோமின் ரசாயனம் ஏற்றியிருந்தார்கள். ஆர்லீன் பிளம் என்ற வேதியியலாளரும் ஏம்ஸும் அதை பிளேட்டில் போட்டார்கள், காலனிகள் பொங்கின. 1977-இல் அமெரிக்க அரசு குழந்தைகளின் உடுப்பில் அதைத் தடைசெய்தது. அந்த உடுப்பைப் போட்டுத் தூங்கிய குழந்தையின் சிறுநீரில் ரசாயனத்தின் சிதைபொருள் இருந்ததை மறுவருடம் எழுதினார்கள்.

அதற்கு மாற்றாக வந்தது குளோரின் ஏற்றிய இன்னொரு டிரிஸ். 1978-இல் அதுவும் அதே பிளேட்டில் பிடிபட்டது. குழந்தை உடுப்பிலிருந்து போனது, பிறகு சோபா மெத்தையின் நுரைக்குள் புகுந்துகொண்டது. கலிபோர்னியா அதைப் புற்றுநோய்ப் பொருள் பட்டியலில் சேர்த்தபோது வருடம் 2011.