மாற்ற வேண்டியது மின்கலனைத்தான்!

பணி ஓய்வுக்குப் பிறகு என் வீட்டில் மிகுதியாகத் தேடப்படும் பொருள் சாவிக்கொத்துதான். வங்கிப் பெட்டகச் சாவியும் அதில் இருப்பதால், அது காணாமற்போகும் ஒவ்வொரு முறையும் வீடே அமளிப்படும். இதைக் கண்ட என் மகன், புளூடூத் வில்லை ஒன்றை அதில் மாட்டிக் கொடுத்தான். கைப்பேசியில் தொட்டால் வில்லை ஒலி எழுப்பும். சாவி சோபாவின் இடுக்கில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஏறத்தாழ ஓராண்டு அது குறைவின்றி உழைத்தது. பின்னர், மின்கலன் தீரப்போகிறது என்ற அறிவிப்பு கைப்பேசியில் வந்தது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். இரு வாரங்கள் கழித்து, அவசரமாக வெளியூர் புறப்பட வேண்டிய நாளில் சாவியைக் காணவில்லை, வில்லையும் ஊமையாகிவிட்டது. மறுவாரம் அருகிலுள்ள கடைக்கு அதை எடுத்துச் சென்றேன். விற்பனையாளர் திருப்பிக்கூடப் பார்க்காமல், "இதையெல்லாம் சரிசெய்ய முடியாது சார், புதுசு வாங்கிக்கோங்க" என்றார். வீட்டுக்கு வந்து, வில்லையுடன் வந்த சிறு துண்டறிக்கையைத் தேடியெடுத்துப் படித்தேன். நாற்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு மின்கலன் வாங்கினேன். மாற்றுவதற்கு ஒரு நிமிடம் ஆனது.

ஆனால், இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதற்கு அடுத்து நடந்தது. கழற்றிய பழைய மின்கலனை மேசைமீது வைத்துவிட்டுக் கைகழுவச் சென்றேன். திரும்பி வந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த இரண்டு வயதுப் பேத்தி அதைக் கையில் வைத்து வாயருகே கொண்டுசென்றுகொண்டிருந்தாள். பாய்ந்து பிடுங்கினேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

இவ்வில்லைகள் 'புளூடூத் லோ எனர்ஜி' என்னும், மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகின்றன. விட்டுவிட்டு மிகச் சிறிய சமிக்ஞைகளை அனுப்புவதுதான் இவற்றின் முதன்மைப் பணி. அருகில் இருந்தால் நம் கைப்பேசியே அதைக் கேட்கும்; தொலைவில் இருந்தால், அவ்வழியே செல்லும் பிறருடைய கைப்பேசிகள் கேட்டு இருப்பிடத்தைத் தெரிவிக்கும். அதனால்தான் ஒரு நாணய அளவு மின்கலன் ஓராண்டு வரை தாங்குகிறது.

பெரும்பாலான வில்லைகளில் இருப்பது சி.ஆர். 2032 வகை மின்கலன். இந்தப் பெயரிலேயே அதன் விவரம் முழுதும் அடங்கியுள்ளது. 'சி' என்பது லித்தியம் - மாங்கனீசு டை ஆக்சைடு வேதியியலையும், 'ஆர்' என்பது வட்ட வடிவத்தையும் குறிக்கும். 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 32 என்பது 3.2 மி.மீ. தடிமன். மின்னழுத்தம் 3 வோல்ட். ஆப்பிளின் ஏர்டேக், சாம்சங்கின் ஸ்மார்ட்டேக் ஆகியவற்றில் இருப்பது இதுவே. சில சிறிய வில்லைகளில் 16 மி.மீ. விட்டமுள்ள சி.ஆர். 1632 இருக்கும். ஆகவே, கடைக்குச் செல்லுமுன் பழைய மின்கலனில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சி.ஆர். 2025 பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் தடிமன் குறைவு என்பதால் தொடர்பு சரிவரக் கிட்டாது. எல்.ஐ.ஆர். 2032 என்பது மின்னேற்றத்தக்க வேறு வகை. அதன் மின்னழுத்தம் அதிகம், கொள்ளளவு மிகக் குறைவு. இங்கு அது பொருந்தாது. அதேபோல, சி.ஆர். வகையை மின்னேற்ற முயல்வதும் ஆபத்து.

திறக்கும் முறை வில்லைக்கு வில்லை மாறும். ஏர்டேக்கில் பளபளக்கும் எஃகு மூடியை இரு கட்டைவிரல்களாலும் அழுத்தியபடியே இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். புதிய மின்கலனின் கூட்டல் குறியுள்ள பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு வைத்தால் ஓர் ஒலி கேட்கும். அதுவே இணைப்பு கிடைத்ததன் அடையாளம். பின்னர், மூடியின் மூன்று பற்களையும் பள்ளங்களில் பொருத்தி வலஞ்சுழியாகத் திருப்பினால் போதும். வேறு சிலவற்றில் ஓரத்தில் சிறு பிளவு இருக்கும். நாணயத்தையோ நகத்தையோ நுழைத்து நெம்பலாம். கத்தி வேண்டா, கை வெட்டுப்படும், மூடியும் உடையும். மின்கலனை உலர்ந்த துணியால் துடைத்து, ஓரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். உலோக இடுக்கியால் இரு முகங்களையும் ஒருசேரப் பற்றினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு மின்கலன் வீணாகும். பொதுவாக, கைப்பேசியுடன் மீண்டும் இணைக்க வேண்டிய தேவை எழாது.

புதிய மின்கலன் இட்டும் வில்லை உயிர்பெறவில்லையெனில், உடனே குப்பையில் எறிந்துவிட வேண்டா. குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில நிறுவனங்கள் மின்கலனின் மீது கசப்புப் பூச்சு பூசுகின்றன. அப்பூச்சு தொடர்புமுனையில் படுமாறு அமைந்தால் ஏர்டேக் இயங்காமற்போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே குறிப்பிட்டுள்ளது. பூச்சற்ற ஒன்றை இட்டுப் பார்க்கலாம்.

இனி, ஆபத்தைப் பற்றிக் கூறியாக வேண்டும். 20 மி.மீ. விட்டமுள்ள லித்தியம் மின்கலன், சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவினது. அங்கே ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, எதிர்முனையருகே வலிமையான காரம் உருவாகிறது. அது திசுவை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்திலேயே கடும் காயம் நேரிடக்கூடும். தீர்ந்துபோன மின்கலனுக்கும் இதற்குப் போதுமான ஆற்றல் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. நானும் அறிந்திருக்கவில்லை.

குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் ஊடுகதிர்ப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும், 108-ஐ அழைக்கலாம். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. உணவும் நீரும் தரக் கூடாது. விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எனில், ஒரு வயதைக் கடந்த, விழுங்கும் நிலையிலுள்ள குழந்தைக்கு வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரு தேக்கரண்டித் தேன், அதிகபட்சம் ஆறு முறை தரலாம் என்கிறது அமெரிக்காவின் தேசியத் தலைநகர நச்சு மையத்தின் வழிகாட்டுதல். தேனைத் தேடி ஒரு நிமிடத்தையும் வீணாக்கலாகாது.

பழைய மின்கலனின் இரு முகங்களையும் கழற்றியவுடனே ஒட்டுநாடாவால் மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு மின்கலன் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை மின்கலன்களுக்கும் பொருந்தும். திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு. பிற கழிவுகளோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கும் பொறுப்பு நமக்கு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் பயன்படுத்திய மின்கலன்களை வீட்டு அபாயக் கழிவாகவே வகைப்படுத்தின.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த விற்பனையாளரின் பதிலை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை. நாற்பத்தைந்து ரூபாயில் முடியும் காரியத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கும் மேல் செலவிடச் சொல்வது தனிமனிதரின் பேராசை மட்டுமன்று. சந்தையின் பழைய நோயும்கூட. நீடித்து உழைக்கும் பொருளை விற்பவருக்கு, அவர் நேற்று விற்ற பொருளே இன்றைய போட்டியாளர். ஆயுளைக் குறைப்பது அதிலிருந்து தப்பும் வழிகளுள் ஒன்று. 1972-இல் ரொனால்டு கோஸ் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக விளக்கியது. அதற்கும் முன்பே, 1924-இல் உருவான 'ஃபோபஸ்' என்னும் மின்விளக்கு உற்பத்தியாளர் கூட்டணி, விளக்குகளின் ஆயுளை ஆயிரம் மணி நேரத்துக்குள் கட்டுப்படுத்தி, மீறிய உறுப்பு நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த வரலாறும் உண்டு.

இவ்வில்லைகளிலும் அச்சுவடு தெரிகிறது. இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றான டைல் நிறுவனத்தின் தொடக்ககால வில்லைகளில் மின்கலனை மாற்றவே இயலாது. தீர்ந்தால் புதிது வாங்க வேண்டும். மாற்றத்தக்க மின்கலன் கொண்டவை 2018-இல்தான் வந்தன. பணப்பையில் வைக்கும் மெல்லிய அட்டை வடிவ வில்லைகள் பலவும் மூடி ஒட்டப்பட்டே வருகின்றன. நீர் புகாதிருக்கவே ஒட்டுகிறோம் என்பார்கள். ஆனால் ஏர்டேக்கின் மூடி திறக்கக்கூடியது. அது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் ஐபி67 தரமும் பெற்றது.

குழந்தைப் பாதுகாப்புக்காகவே ஒட்ட வேண்டும் என்ற வாதமும் முழுமையானதன்று. 2022-இல் ஆஸ்திரேலியாவில் பொத்தான் மின்கலன் பாதுகாப்புத் தரங்கள் கட்டாயமாயின. அதே ஆண்டில் அமெரிக்காவும் சட்டம் இயற்றியது. மின்கலன் அறையைத் திறக்கக் கருவி தேவைப்பட வேண்டும், அல்லது அழுத்தித் திருப்புவதுபோல இரு செயல்களை ஒருசேரச் செய்ய வேண்டும் என்பதே அமெரிக்க விதியின் சாரம். பெரியவருக்கு எளிது, குழந்தைக்கு அரிது. ஐரோப்பிய ஒன்றியமோ 2027 பிப்ரவரி முதல், கையடக்கக் கருவிகளின் மின்கலன்களைப் பயனரே அகற்றி மாற்றும் வகையில் வடிவமைக்க வேண்டும் என்று விதித்துள்ளது, விலக்குகள் சிலவே.

நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தது, பின்னர் இணையதளமும் தொடங்கியது. வரவேற்கத்தக்க தொடக்கம். எனினும், மின்கலனை மாற்ற முடியுமா, முடியாதா என்பதைப் பெட்டியின் மீதே பெரிய எழுத்தில் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் அச்சிட வேண்டும். குழந்தை திறக்கவொண்ணா மூடி கட்டாயமாக வேண்டும். மின்கலன் விற்கும் கடையிலேயே பழையதைப் போட ஒரு பெட்டி வேண்டும். இம்மூன்றுக்கும் பெருஞ்செலவு ஆகப்போவதில்லை.

அதுவரை, வாங்கும்போதே 'இதன் மின்கலனை நானே மாற்ற முடியுமா?' என்று கடைக்காரரிடம் கேட்போம். என் மேசையில் இப்போது இறுக மூடும் ஒரு சிறு டப்பா இருக்கிறது. அடுத்த ஆண்டு மின்கலனைக் கழற்றும்போது, கை கழுவுவதற்கு முன்பே அது அந்த டப்பாவுக்குள் சென்றுவிடும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).