உப்புக்காற்றில் ஒரு கோபுரம், பல சேனல்கள்

உச்சிப்புளிக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பது இங்கே. மண்டபத்தில் கடலோரக் காவல்படை. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம். வானலைகள் இப்படி நெருக்கியடிக்கும் கரையில் படகுகளோடு பேச ஒரு வி.எச்.எஃப். நிலையம் அமைப்பவர், பல டிரான்ஸ்மிட்டர்களைக் காம்பைனர் வழியாக ஒரே ஆண்டெனாவிலும், ரிசீவர்களை மல்டிகப்ளர் வழியாக இன்னொன்றிலும் சேர்ப்பதே முறை. ஆனால் பலரும் கணக்கை டிரான்ஸ்மிட்டரிலிருந்து தொடங்குகிறார்கள். நிலையம் 25 வாட்டில் பேசும்போது, தொலைவுப் படகிலிருந்து வந்து சேரும் குரல் அதைவிடச் சுமார் 160 டெசிபெல் மெலிந்திருக்கக்கூடும். 1-க்குப் பின் 16 பூஜ்யம் போட்டால் வரும் விகிதம் அது. அந்தக் குரலைக் காப்பாற்றத்தான் இத்தனை ஏற்பாடும். கம்பம் மிச்சமாவது உபரி லாபம்.

அந்தக் குரல் எப்படி அமுங்கிப்போகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கடல்சார் சேனல் 12-இன் அலைவரிசை 156.600 மெகாஹெர்ட்ஸ், சேனல் 14-க்கு 156.700. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகி, ஒன்றின் சக்தி மற்றதன் பெருக்கிக்குள் கசிந்தால், இரண்டாவதன் இருமடங்கிலிருந்து முதலாவதைக் கழித்த புதிய அலை பிறக்கும்: 156.800. அதுதான் ஆபத்துக் காலத்தில் உதவி கேட்கும் சேனல் 16. பிறந்தபின் ரிசீவரில் எந்த ஃபில்டர் வைத்தும் பயனில்லை; கேட்க வேண்டிய அலைவரிசையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும், மற்றதன் சக்தி உள்ளே கசியாமல் தடுக்கும் ஐசோலேட்டர் வேண்டும். அதற்கும் முன்னால், காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு சேனல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காம்பைனர் சக்தியைத் தின்கிறது என்பார்கள். உண்மைதான், இரண்டு டிரான்ஸ்மிட்டர்களைச் சேர்க்கும் ஹைப்ரிட் வகையில் ஒவ்வொன்றின் சக்தியிலும் பாதி வெப்பமாகிப் போகும். கேவிட்டி வகையில் இழப்பு குறைவு, ஆனால் சேனல்களுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும். இழந்த 3 டெசிபெலை ஆண்டெனாவின் உயரத்தில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஒரே ஆண்டெனா பழுதானால் எல்லாம் ஊமையாகுமே என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சேனல் 16-க்கு மட்டும் தனி மாற்று ஆண்டெனா வைப்பதைத் தவிர அதற்கு வேறு பதில் இல்லை. அனுப்பும் ஆண்டெனாவையும் கேட்கும் ஆண்டெனாவையும் ஒரே கோபுரத்தில் நேர் மேல்கீழாக 10 மீட்டர் விலக்கினால் 55 டெசிபெல் அளவுக்குப் பிரிவு கிடைக்கும். பக்கவாட்டில் அதே தூரம் 35-ஐத்தான் தரும்.

இருபுறமும் கடல் உள்ள இந்த ஊரில் இன்னொரு எதிரி உண்டு. துருப்பிடித்த போல்ட்டும் உப்புப் பூத்த கனெக்டரும் டயோடு போல நடந்துகொண்டு, காம்பைனரைத் தாண்டி கோபுரத்தின் மேலேயே அந்தக் கலப்பு அலையை உண்டாக்கும். கீழே அறைக்குள் இருக்கும் விலையுயர்ந்த ஐசோலேட்டருக்கு அது எட்டாது. டெண்டர் எழுதுபவர்கள், காம்பைனருக்குத் தரும் பக்கங்களில் ஒன்றையாவது துருப்பிடிக்காத போல்ட்டுகளுக்கும் ஆண்டுதோறும் மேலே ஏறிப் பார்க்கும் ஆளுக்கும் ஒதுக்க வேண்டும்.