தவளக்காரர் வீட்டுக் கோணியூசி

எங்கள் வீட்டில் ஒரு கோணியூசி இருக்கிறது. சாண் நீளம். நுனி சற்றே வளைந்திருக்கும். காது கண்ணுக்குத் தெரியும்படி பெரிது. வாப்பாவின் உம்மாவான வாப்பும்மா அதை வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருந்தா. அவவுடைய பாட்டனாரான மூத்தாப்பாவின் சொத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அந்தப் பெரியவர் புத்தளத்துத் தவளக்காரர். தவளம் என்றால் இன்றைய பிள்ளைகள் விழிக்கிறார்கள். பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போகிற வியாபாரம் அது. இங்கிருந்து உப்பும் கருவாடும் போகும். மலைநாட்டிலிருந்து பாக்கும் மிளகும் வரும்.

புத்தளம் களப்போரத்தில் வெயில் விளைவிக்கும் உப்பு இல்லாமல் அங்கே அடுப்பெரியாது. அதனால் உப்பு அரசியலாயிற்று. ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கியது, களப்பின் வாயிலில் இருந்தபடி கண்டியோடு நடக்கும் வணிகத்தைக் கைக்குள் வைக்கத்தான். 1766 உடன்படிக்கையில் கரை முழுவதையும் கண்டி அரசனிடம் எழுதி வாங்கினார்கள். அப்போதும் கண்டி நாட்டார் புத்தளம், சிலாபம் பக்கம் உப்பெடுப்பதை மறுக்க அவர்களால் முடியவில்லை. பின்னால் வந்த ஆங்கிலேயர் உப்பை அரசின் தனியுரிமையாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் பெரியவர் மாடு ஓட்டியது அவர்கள் காலத்தில்.

ஊசிக்கு வேலை புறப்படும் முதல்நாள் இரவில். மாட்டின் இரு பக்கமும் தொங்கும் பொதிகள் ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒன்று கனத்தால் கயிறு சரிந்து முதுகைத் தேய்க்கும்; தேய்ந்த புண்ணில் உப்புநீர் கசிந்தால் மாடு படுத்துவிடும். அதனால் வாயை நெருக்கித் தைத்து, கையால் தூக்கி, திரும்பவும் பிரித்து ஒரு பிடி எடுத்துவிட்டுத் தைப்பாராம். முன்மாட்டின் கழுத்தில் மணி. நிக்கவெரட்டிய, வாரியப்பொல தாண்டிக் குருநாகல் போகும் வழியெல்லாம் அந்த மணிச் சத்தத்தைப் பிடித்தே மற்ற மாடுகள் நடக்கும். இரவானால் பொதிகளைச் சுற்றிவர அடுக்கி, நடுவில் தீ மூட்டிப் படுப்பார்கள். மழை பிடித்தால் போச்சு. முதலே கரைந்து ஓடிவிடும்.

“அவர் மலைக்குப் போனா வீடும் கணக்கும் மூத்தம்மாட கைலதான்” என்பா வாப்பும்மா. கற்பிட்டிக் கருவாட்டை வாங்கிக் கட்டிவைப்பதும், உப்புக்குப் பட்ட கடனை அடைப்பதும் பெரியவரின் மனைவியான அந்த மூத்தம்மாதான். எழுதத் தெரியாது, சுவரில் கரிக்கோடு. அவர் வந்து பாக்கை எண்ணி முடித்த பிறகுதான் கோடு அழியும்.

முதலில் வந்தது ரோட்டு. ரோட்டோடு மாட்டுக் கரத்தை வந்தது. ஒரு கரத்தை இழுக்கும் பாரத்தைச் சுமக்க எத்தனை பொதிமாடுகள் வேண்டும்! பெரியவர் மாடுகளை விற்றார். மகன் கரத்தை வாங்கினார். 1926இல் புத்தளத்துக்கு ரயில் வந்தபோது அந்தக் கரத்தையும் நின்றது. பெரியவரின் பேத்தியான வாப்பும்மாவைக் கட்டிய என் பாட்டனார் கடை வைத்தார். வாப்பா அந்தக் கடையில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றேன். உப்பு மட்டும் பாலாவியில் இன்னும் விளைகிறது, லொறியில் போகிறது.

பெரியவருக்கும் முந்திய கண்டி அரசில் பொதிமாட்டு ஊழியத்துக்கென்றே ‘மடிகே பத்த’ என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் நிறையப் பேர். குருநாகல் மாவட்டத்தில் மடிகே மிதியால என்ற முஸ்லிம் ஊர் அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது. உப்பை வாங்கித் தின்ற நாடு தவளத்தை ஊர்ப்பெயரில் வைத்திருக்கிறது. உப்பை அனுப்பிய எங்கள் கரையோ அதை மறந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஊசியாவது இருக்கிறது. போன கிழமை அதனால் ஓர் அரிசி மூட்டையைத் தைத்தேன்.